பக்கத்து மலை

தேகு நகரில் பியோவும் சோக்கும் எதிரெதிரே துணி ஆலை நடத்திவந்தார்கள். பியோ முகக் கிரீம் தயாரிக்கத் தொடங்கினார். சோக்குக்கு வயிறு எரிந்தது, தானும் தொடங்கினார். பியோ கார் பேட்டரியில் இறங்கினார், சோக்கும் இறங்கினார். என்ன செய்து என்ன, ஊர் வாயில் எப்போதும் பியோ பெயர்தான் முதலில் வந்தது.

ஒருநாள் சோக்கின் மேலாளர் வந்து, "ஐயா, பியோ ஒரு மலையையே வாங்கிட்டாரு. ஆள் வச்சு அளந்துக்கிட்டிருக்காரு," என்றார்.

"கோல்ஃப் மைதானம்தான், வேறென்ன? இந்தத் தடவை நான் முந்திக்கிறேன். பக்கத்து மலையை வாங்குய்யா."

வாங்கிய கையோடு 'சோக் கோல்ஃப் கிளப்' என்று பலகை நட்டு, பியோவை வரவழைத்துக் காட்டினார். இளைத்துப்போயிருந்த பியோ, தடியூன்றி நின்று அதைப் படித்தார்.

"எப்படிண்ணே? உங்க மலையில இன்னும் புல்லுகூடப் போடலையே," என்றார் சோக்.

"அதைப் பிள்ளைங்க போட்டுக்குவாங்க, தம்பி. டாக்டர் கைவிரிச்சுட்டாரு. மண் பாக்கிறவரைக் கூட்டிவந்து காட்டினேன். தெற்கு பாத்த சரிவு, கீழே ஆறு. என்னைப் புதைக்க நல்ல இடமாம்."

பியோ சோக்கின் தோளில் கை வைத்தார்.

"எல்லாத்துக்கும் என் பின்னாலேயே ஓடி வந்தே. இதுக்காவது அவசரப்படாம, மெதுவா வா, தம்பி."