மறுபடி டைப் செய்க

யாரோ தன் மெயிலுக்குள் புகுந்துவிட்டதால், எல்லா பாஸ்வேர்டையும் பூட்டி வைக்கும் ஆப் ஒன்றை பூபாலன் போனில் இறக்கினான். அதைத் திறக்கவும் ஒரு பாஸ்வேர்ட் வேண்டும். எதை அடித்தாலும், ‘பலவீனமானது. உங்கள் வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்’ என்றே வந்தது.

நண்பன் ஜோயலுக்குப் போன் போட்டுச் சொன்னான். “படூர் ஃப்ளாட்ல நான் மட்டும்தான்டா கீறேன்.”

“பேஜார் பண்ணாத மச்சான். கண்ண மூடிகினு எதையாச்சும் அடி. உனக்கே தெரியக்கூடாது.”

அப்படியே அடித்தான். ‘வலுவானது’ என்று பச்சையில் வந்தது. கீழே, ‘உறுதிசெய்ய மறுபடி டைப் செய்க.’

அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. சமையலறையிலிருந்து ஒரு குரல் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தது. பூபாலன் அடித்தான். அவன் தடுமாறிய இடத்தில் அது காத்திருந்தது.