பேக்கிங் பெண்ணுக்குக் காய்ச்சல்

மத்தியான வெயில் ஜன்னல் வழியாக இறங்கி, தையல் மெஷினைத் தாண்டி, கட்டிலில் விரித்துப் போட்ட மஞ்சள் ஸ்வெட்டர் வரைக்கும் வந்திருக்கிறது. கம்பளி நூல்கண்டு உருண்டு ஓடாமலிருக்க ஒரு சொம்புக்குள் கிடக்கிறது. கழுத்தில் அளவு நாடாவோடு அவள் ஃபோனில் பேசுகிறாள். "பார்சலா மேடம்? ஒரு நிமிஷம், எங்க பேக்கிங் பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்றேன்." ஃபோனை வயிற்றோடு அழுத்திப் பொத்திக்கொண்டு, காலையில் தானே கட்டிவைத்த பார்சலைப் பார்த்தபடி பத்து வரை எண்ணுகிறாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஒற்றை ஆள் என்று தெரிந்தால் யார் ஆர்டர் கொடுப்பார்கள் என்று முதலில் சொன்ன ஒரு பொய்தான் இந்தப் பேக்கிங் பெண். இன்று கட்டிங் அண்ணன், பட்டன் வைக்கிற அக்கா என்று அது ஒரு குடும்பமாகவே பெருத்துவிட்டது. போன வாரம் காய்ச்சலில் படுத்தது இவள். லீவு போட்டது பேக்கிங் பெண். "கட்டியாச்சாம் மேடம், நாளைக்கு அனுப்பிடுவாங்க." மறுமுனைக் குரல் வைக்க மனமில்லாமல் இழுக்கிறது. "அந்த ஸ்வெட்டர் பின்னுறவங்க இருக்காங்களா? போன தடவை அனுப்பினத என் பொண்ணு கழட்டவே மாட்டேங்கறா. அவங்ககிட்டயே ஒரு வார்த்தை சொல்லணும்." சாப்பிடப் போயிருக்காங்க என்பது நாக்கு நுனிவரை வருகிறது. விழுங்கிவிடுகிறாள். "பக்கத்துலதான் இருக்காங்க, குடுக்கறேன்." இந்த முறை எண்ணவில்லை. ஃபோனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றுகிறாள். குரலை மாற்ற மறந்து, "சொல்லுங்க" என்கிறாள்.