ஆவி நின்ற கஞ்சி

புள்ளிக் கோழிக்கு மூன்று குஞ்சுகள். வீட்டுக்காரி ஆரோக்கியம், சோறு வடித்த கஞ்சியை ஆட்டுக்காக அகலச் சட்டியில் ஊற்றிக் கொல்லையில் வைப்பாள். அதில் பருக்கைகள் கிடக்கும்.

"ஆவி நின்ன பிறகுதான் கிட்டே போகணும்," என்று புள்ளிக் கோழி குஞ்சுகளிடம் சொல்லி வைத்திருந்தது.

ஒருநாள் ஆவி நின்றது. கஞ்சியின் மேல் ஆடை படிந்திருந்தது.

"இப்போ போங்க," என்றது தாய்.

கடைக்குட்டி சட்டியின் விளிம்பில் ஏறி ஆடைமேல் கால் வைத்தது. ஆடை கிழிந்து, அடியில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சிக்குள் கால் போனது. குஞ்சு அலறியது.

அடுத்த வீட்டு வெள்ளைக் கோழி ஓடி வந்தது. "சாம்பல்ல புரட்டுங்க அக்கா, எரிச்சல் அடங்கும்!"

புள்ளிக் கோழி அதைக் காதில் வாங்கவில்லை. குஞ்சைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போய், ஓடுகிற தண்ணீரில் நிறுத்தியது. அழுகை ஓய்ந்த பிறகும் நகரவிடவில்லை.

"நான்தானே போகச் சொன்னேன்," என்று முனகிக்கொண்டே இருந்தது.

மறுநாளும் சட்டி வந்தது. ஆவி நின்றது.

"வாங்க அக்கா, ஆடு வந்துடும்!" என்று வெள்ளைக் கோழி அவசரப்படுத்தியது.

குஞ்சுகள் தாயைப் பார்த்தன. அது சட்டிக்குக் குறுக்கே உட்கார்ந்து, கடைக்குட்டியை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது.

"ஆறட்டும்," என்றது.