பளபளத்த பள்ளிக்கூடம்

ஐந்தாம் வகுப்பு ஜன்னல் விளிம்பைத் துடைத்த வெள்ளைத் துணி, வெள்ளையாகவே திரும்பி வந்தது.

தூசிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆய்வகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். காற்றில் பறந்து வந்து படிகிற உலோகத் துகளைத் துடைத்தெடுத்து அளப்பது அவள் வேலை.

பள்ளியின் பின்சுவரை ஒட்டியே பழைய பேட்டரி உருக்கும் ஆலை. போன வருஷம் இதே விளிம்பில் அவள் எடுத்த தூசியில் ஈயம் தாறுமாறாக இருந்தது. இரண்டாம் வகுப்பில் மூன்று பிள்ளைகளின் ரத்தத்திலும் இருந்தது. ஒரே ஒரு தடவை எடுத்ததை வைத்து எப்படிச் சொல்லலாம் என்று ஆலைக்காரர்கள் மேலிடத்தில் மல்லுக்கு நின்று, மறு அளவீடு வாங்கிவிட்டார்கள். தேதியும் அவர்கள் குறித்ததுதான்.

இன்று பெஞ்சு, கரும்பலகைச் சட்டம், மின்விசிறி இறக்கை எல்லாம் பளபளவென்று மின்னின.

"ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். பிள்ளைங்க புழங்கற இடமாச்சே!" என்றார் தலைமையாசிரியை.

பக்கத்தில் நின்ற ஆலை மேலாளர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

துடைத்துவிட்ட இடத்தில் தூசிக்காரிக்கு இனி என்ன கிடைக்கும்! ஆனாலும் விடவில்லை. பன்னிரண்டு அறைகளிலும் மண்டியிட்டாள். நாடா ஒட்டிச் சதுரம் கட்டி, துடைத்து, உறையில் போட்டு எழுதினாள்.

"அதான் பளிச்சுனு இருக்கே, இன்னும் எதுக்கும்மா மெனக்கெடறீங்க?" என்றார் மேலாளர்.

"இல்லேங்கறதையும் அளந்துதான் சார் எழுதணும்."

தலைமையாசிரியையின் முகத்தில் விழிக்கவும் பிடிக்காமல் படியிறங்கினாள்.

வண்டி கிளம்பும் நேரத்தில், பள்ளியைப் பெருக்கித் துடைக்கிற அம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தார். வண்டி ஜன்னல் வழியே ஒரு பையை அவள் மடியில் திணித்தார்.

"இதையும் சேர்த்து அளந்துடு கண்ணு" என்றார். வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டார்.

உள்ளே, வாய் ஒட்டிய பதின்மூன்று உறைகள்.

பன்னிரண்டில் துடைத்த துணிகள். கன்னங்கரேலென்று இருந்தன. ஒவ்வொரு உறையின் மேலும் எந்த வகுப்பு, எந்த ஜன்னல், நீளம் எத்தனை, அகலம் எத்தனை, எந்த நாள், எத்தனை மணி. ஒன்றுகூட விடுபடவில்லை. தேதி எல்லாவற்றிலும் நேற்றையது. பதின்மூன்றாவதில், ஒப்பிட்டுப் பார்க்க, எதையும் தொடாத ஒரு துணி.

அவளே செய்திருந்தாலும் இதற்கு மேல் செய்திருக்க முடியாது.

வண்டியை நிறுத்தச் சொன்னாள். யார் எடுத்தது என்று தெரியாத துணியை ஆய்வகம் சீந்தாது. முதல் உறையைத் திருப்பினாள். பிறகு அடுத்ததை. பிறகு எல்லாவற்றையும்.

எல்லா உறையின் பின்னாலும் பள்ளி முத்திரை. அதன் மேல், துடைத்து எடுத்தவர் நானே என்று முழுப் பெயரோடு தலைமையாசிரியை போட்ட கையெழுத்து.