இரண்டாவது கேசட்

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் கத்தோலிக்கக் கோயிலில் பாடிப் பழகிய லாசரஸ் குழுவின் முதல் கேசட் சிராங்கூன் ரோடு கடைகளில் சக்கைப்போடு போட்டது. இரண்டாவதற்கு, ராசியாக இருக்கட்டுமென்று, லாசரஸ் முதல் பிரதியைக் கோயில் சாமியாரிடம் கொடுத்து மந்திரிக்கக்கூட வைத்தான். அப்படியும் விற்பனை படுத்துவிட்டது.

"எல்லாம் உன் குரலாலதான்! பாட்டையே கெடுத்துட்ட!" என்று பாடகி பிரிஜட்டை எல்லார் முன்னாலும் குழுவிலிருந்து துரத்தினான். அதன்பிறகு அவள் பூசையில்கூட வாய் திறந்து பாடவில்லை.

மறுவருடம் புக்கிட் பாத்தோக்கில், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், அதே கோயிலுக்கு வரும் ஒருவர் வீட்டுக் கல்யாணம். யாரோ இரண்டாவது கேசட்டைப் போட்டார்கள். லாசரஸ் எழுந்து நழுவப் பார்த்தான். ஆனால் கூட்டமே கைதட்டிக்கொண்டு கூடவே பாடியது. அதுவும் பிரிஜட் பாடிய பாட்டை.

"ஒருத்தரும் வாங்காத கேசட்டாச்சே! எப்படி மனப்பாடம்?" என்று பக்கத்திலிருந்த பிலோமினம்மாளிடம் கேட்டான்.

"சாமியார் மந்திரிச்ச கேசட்ட அவர்கிட்டயே இரவல் வாங்கி, வீட்டுக்கு வீடு காப்பி எடுத்துக்கிட்டோம் தம்பி. கடையில விக்கிறது மந்திரிக்காததுலா! அதைப்போய் யாரு வாங்குவா?"

லாசரஸ் தட்டோடு சாப்பாட்டு வரிசையில் போய் நின்றான். பரிமாறிக்கொண்டிருந்தவள் பிரிஜட்.

"பிரிஜட், அந்தப் பாட்டு..."

"ஆட்டுக்கறியா, கோழியாண்ணே?" என்றாள் அவள், நிமிராமல்.