வௌவால் கத்தி

அவன் வாங்கி வந்த கத்தியில் தக்காளி நசுங்கியது. வெட்டுப்படவில்லை.

"சட்னிக்கு ஆச்சு" என்றான் ஜாபர்.

சிரிப்பில் பட்டறையே அதிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை. லேத்துகளுக்கு விடுமுறை. நல்லசிவத்தின் பம்புப் பட்டறையில், எண்ணெய் வாடைக்கு நடுவே, மேசையைச் சுற்றி ஐந்து பேர். கத்தி என்றால் சோறு தண்ணி வேண்டாத கூட்டம். மாதம் ஒருமுறை கூடுவார்கள். நல்ல எஃகைக் கண்டால் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொள்வார்கள்.

இதை மடியில் வைக்க முடியாது.

வௌவால் வடிவம். பொத்தானை அழுத்தினால் இரண்டு பக்கமும் இறக்கையாக அலகு விரியும். வானவில் நிறம். நடுவில் ஒரு திசைகாட்டி. அது லேத்து இருக்கும் பக்கத்தையே வடக்கு என்று சாதித்தது. விலை முப்பத்தெட்டாயிரம்.

"இத எங்கடா புடிக்கறது?" நல்லசிவம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எந்தப் பக்கம் புடிச்சாலும் நம்மளத்தான் வெட்டும்."

"அதுவும் வெட்டாதுங்க" என்றான் ஜாபர். "கடைக்காரன் இதக் காட்டி வழிப்பறி பண்ணப் பாத்திருப்பான். எவனும் பயப்படல. அதான் இவன் தலைல கட்டிட்டான்."

அவன் முகத்தைச் சுளித்தான். ரோஷம் வந்ததுபோல் நடித்தான். உள்ளுக்குள் குளிர்ந்துபோனான்.

இதற்காகத்தான் வாங்கினான்.

ஆன்லைனில் படத்தைப் பார்த்தபோதே தெரியும், குப்பை என்று. இத்தனை வருடம் கத்தி பிடித்த கைக்கு அதுகூடவா தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து அந்த ரிப்போர்ட் வந்ததிலிருந்து வீட்டில் யாரும் அவனைக் கிண்டல் செய்வதில்லை. முன்பெல்லாம் ஒரு பேனாக்கத்தி வாங்கினாலே மனைவி மேகலையால் வீடு இரண்டுபடும். இந்தப் பெட்டி வந்தபோது விலையைப் பார்த்தாள். "உங்களுக்குப் புடிச்சிருந்தா சரிங்க" என்றாள். அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கீமோவுக்கு அழாதவன் அதற்கு அழுதான்.

பட்டறையில் இவர்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது. ஒரே ஒரு மத்தியானம். நாலு பேர் பழைய மாதிரி தன்னை முட்டாள் என்று சொல்லிச் சிரித்தால் போதும்.

தலைக்குப் பழனி மொட்டை என்று சொல்லிவைத்திருந்தான். உள்ளே வருமுன் காரிலேயே சந்தனம் குழைத்துப் பூசிக்கொண்டான்.

"முடிய மட்டும் குடுத்துட்டு வருவான்னு பாத்தா மூளையயும் சேத்துக் குடுத்துட்டு வந்திருக்கான்" என்றார் நல்லசிவம்.

அடுத்த வெடிச்சிரிப்பு.

பிறகு அவரே, "சரி, முடியாச்சும் வெட்டுதான்னு பாத்துருவோம்" என்றார்.

அது இவர்கள் பழக்கம். கூர் எப்படி என்று முன்கை முடியில் மழித்துப் பார்ப்பது. எல்லோருடைய இடது கையிலும் உள்ளங்கையளவு வழுக்கை இருக்கும். வீட்டில் ஏச்சு வாங்கித் தரும் வழுக்கை. இன்றைக்கு ஒருவர் கையிலும் மிச்சம் இல்லை.

"இவன்தான் மூணு மாசமா வரல. காடா வளந்து கெடக்கும். காட்டுடா கைய."

அவன் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். தயங்கினால் கேள்வி வரும். இடது கையை மடித்துவிட்டு நீட்டினான்.

மணிக்கட்டு முதல் முழங்கை வரை ஒரு முடி இல்லை.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"திருட்டுப் பய! ஊட்ல ஒளிஞ்சு உக்காந்து மொத்தக் கையையும் மழிச்சிருக்கான்!"

யாரோ அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்கள். வலித்தது. அவனை ஒருவர் அடித்து எவ்வளவு நாளாயிற்று. தப்பித்தோம் என்று நினைத்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"அப்ப அந்தக் கையக் குடு."

ஜாபர் அவனுடைய வலது கையைப் பிடித்து இழுத்தான். பொத்தானைக் கழற்றினான். சட்டையை மேலே தள்ளினான்.

வலக்கைக்காரன் யாரும் வலது கையில் மழித்துப் பார்ப்பதில்லை. கத்தியைப் பிடிக்கிற கை அது. அங்கே எல்லோருக்கும் முடி உண்டு.

அவனுக்கு இல்லை. ஊசி ஏறிய நரம்பு மட்டும் கறுத்து நீளமாகக் கிடந்தது.

ஜாபர் அதைப் பார்த்தான். தலையில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தான். புருவம் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தான்.

சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டான். பொத்தானை அவனே போட்டுவிட்டான்.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. பாவிகள், கேட்டிருக்கலாம்.

நல்லசிவம் கத்தியை எடுத்தார். மட்டமான கத்தியை நல்ல கத்தி என்று வாய்தவறியும் சொல்லாத மனிதர். மாமனார் ஆசையாகக் கொடுத்ததையே பழைய இரும்புக்குப் போட்டவர்.

இறக்கைகளை விரித்தார். மடக்கினார்.

"பிடி ஒண்ணும் மோசமில்ல" என்றார்.

"ஆமா" என்றான் ஜாபர். "கலரு நல்லாருக்கு."

"வெலைக்குத் தகும்" என்றார் இன்னொருவர்.

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். யாராவது ஒருவர் சிரித்துவிட மாட்டார்களா என்று.

நல்லசிவம் தக்காளிச் சாற்றைத் துணியால் ஒற்றியெடுத்தார். கத்தியைப் பெட்டியில் வைத்து மூடினார். எழுந்து வந்து, இரண்டு கைகளாலும் அவனிடம் நீட்டினார்.