கடலைப் பார்த்து நிற்பவள்

பள்ளி ஓவியக் கண்காட்சியில் மகள் ரெனிஷா வரைந்த படத்தைப் பார்த்ததும் லீலாபாயின் முகம் சுருங்கியது. கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பெண். அகன்ற முதுகு, சதை மடிந்த இடுப்பு.

"ஏட்டி, உன்ன நீயே இப்பிடியா வரைவ? இடுப்பையாவது கொஞ்சம் குறைச்சிருக்கலாம்லா?"

"குறைக்க மாட்டேன். இதுதான் அழகு."

"ஊரே பாத்தா, நாளைக்கு உன்ன எவன் கெட்டுவான்?"

"அது நான் இல்லம்மா, நீங்களாக்கும். இனயம் கடப்புறத்தில அலையில நின்னு சிரிச்சீங்கல்லா, அப்போ பின்னால இருந்து வரைஞ்சேன்."

லீலாபாய் மறுபடியும் படத்தைப் பார்த்தாள். தன் முதுகை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்நேரம் அங்கே வந்த இரண்டு பெண்கள் படத்தைக் காட்டிச் சிரித்தார்கள். லீலாபாய் அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"என்ன சிரிப்பு? அது நான்தான். நல்லா பாருங்க."